தம்பியின் கழுத்தும் என் இடது காலும்

பள்ளங்கியில் யாருக்கு இடுப்புப் பிடித்தாலும் அந்தக் காலத்தில் முதலில் தேடி வருவது என்னைத்தான். என்னை என்று சொல்வதுகூடத் தப்பு. என் முகத்தை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. எல்லார் கண்ணும் என் இடது காலின் மேல்தான் இருக்கும். நான் பிறக்கும்போது தலை வருவதற்குப் பதிலாகக் கால் முதலில் வந்ததாம். அப்படிப் பிறந்த பிள்ளை காலால் உதைத்தால் சுளுக்கும் பிடிப்பும் விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என்னைப் பெற்றெடுக்க அம்மா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல, செத்துப் பிழைத்தாள் என்பார்கள். ஆனால் அதற்கான பெருமை முழுவதையும் நான் எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கு ஒரு பேரிக்காய்கூடக் கிடைத்ததில்லை.

ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் தொடங்கிய சமயம் அது. எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் சுளுக்குக்குப் பஞ்சம் வராது. மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய காடுகளிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு, மழையில் ஊறிய ஒற்றையடிப் பாதையில் வழுக்கி வழுக்கி மேலே ஏறினால்தான் லாரி நிற்கிற இடம் வரும். தினமும் யாராவது ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவார். சாக்கை விரித்துக் குப்புறப் படுப்பார். வலிக்கிற இடத்தில் இடது குதிகாலை வைத்து அழுத்தி லேசாக ஒரு உதை கொடுப்பேன். அவர் முனகிக்கொண்டே எழுந்து இடுப்பை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்து, "விட்டுருச்சு தாயி" என்பார். சிலருக்கு நிஜமாகவே விட்டிருக்கலாம். மற்றவர்கள் சின்னப் பிள்ளையின் மனசை எதற்கு நோகடிப்பது என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு அந்தச் சந்தேகமெல்லாம் அப்போது எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கையில் கொடுத்த பிளம்ஸ் பழத்தையோ கடலை மிட்டாயையோ வாங்கிக்கொண்டு, பெரிய டாக்டர் மாதிரி, "ரெண்டு நாளைக்கு மூட்டை தூக்காதீங்க" என்று சொல்லி அனுப்புவேன். அவர்கள் மறுநாளே தூக்குவார்கள்.

இடுப்புக்கு நான் ஒருத்தி போதும். கழுத்துச் சுளுக்குக்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். ஆளைத் தரையில் உட்கார வைத்து, நான் அவருக்குப் பின்னால் கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து, பிடரிக்குக் கீழே குதிகாலை ஊன்றிக்கொள்வேன். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எதிரில் குந்தி உட்கார்ந்து அவர் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வார். பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார். ஆள் கதையில் லயித்துச் சிரிக்கிற நேரம் பார்த்து வெடுக்கென்று திருப்புவார். சொடக்கென்று ஒரு சத்தம் வரும். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். மாமா இதைக் கொடைக்கானலில் முடிவெட்டப் போன இடத்தில் பார்த்துப் படித்துக்கொண்டது. ஆனாலும் பெருந்தன்மையான மனுஷர். "வண்டி ஓடுறது எம் மருமக காலுல. நான் சும்மா கண்டக்டரு" என்பார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. தம்பிக்கு ஆறு வயது. எனக்கு அடுத்துப் பிறந்தவன், ஒழுங்காகத் தலை வழியே பிறந்தவன், அதனால் ஊரில் ஒருவரும் அவனைப் பொருட்படுத்துவதில்லை. அவனுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயோரம் வடித்துக்கொண்டு கிடந்தான். பேசினால் சுடுசோற்றை வாயில் அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். ஒரு பக்கத் தாடைக்குக் கீழே கழுத்து வீங்கிப் போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி வந்து விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது பொன்னுக்கு வீங்கிதான்" என்றாள். வீட்டில் எல்லாருக்கும் அப்பாடா என்று இருந்தது.

பொன்னுக்கு வீங்கி என்றால் வைத்தியம் பேரிலேயே இருக்கிறது. பொன்னைக் கேட்டு வீங்குகிறது, பொன்னைப் போட்டால் வடிந்துவிடும். அம்மா பெட்டியைத் திறந்து, தாலியைத் தவிர அவளிடம் இருந்த ஒரே தங்கமான சங்கிலியை எடுத்துத் தம்பி கழுத்தில் போட்டாள். பிறந்த வீட்டுச் சீராக வந்த சங்கிலி. எனக்கு ஒரு நாளும் போட்டுவிட்டதில்லை. கம்பளிக்குள் சுருண்டு கிடந்த தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் அம்மா சங்கிலியையும் ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று அவள் ஒரு தடவை கேட்கத்தான் செய்தாள். "பொன்னுக்கு வீங்கிக்கு எவனாச்சும் ஆஸ்பத்திரிக்குப் போவானா? சிரிப்பாங்க" என்றார் அய்யா. அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லாதவர் இல்லை. எங்கள் இருவருக்காகவும் உயிரை விடுவார். ஆனால் நாலு பேர் சிரிப்பார்கள் என்றால் கொஞ்சம் பயப்படுவார்.

சில நாளில் காய்ச்சல் இறங்கியது, வீக்கமும் பாதியாக வடிந்தது. பொன் வேலை செய்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். மிச்ச வீக்கமும் போகட்டும் என்று அம்மா சங்கிலியைக் கழற்றாமல் விட்டிருந்தாள்.

அப்புறம் ஒரு காலையில் தம்பி கழுத்தைக் கோணிக்கொண்டு எழுந்தான். இடது காது தோளைத் தொடுகிற மாதிரி சாய்ந்திருக்கிறது. முகவாய் வலது பக்கம் திரும்பி நிற்கிறது. தோள் ஏதோ ரகசியம் சொல்ல, இவன் ஒட்டுக்கேட்கிற மாதிரி. நாங்கள் சிரித்தோம். அய்யாவுக்குச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நான் அதே மாதிரி கழுத்தைக் கோணிக்கொண்டு வீட்டுக்குள் இரண்டு சுற்று நடந்து காட்டினேன். ராத்திரி தலையணை மாறிப் படுத்திருப்பான், சுளுக்கு என்று முடிவாயிற்று.

கழுத்து சுளுக்கினால் படுத்த தலையணையை வெயிலில் போட வேண்டும். தலையணை சூடேறினால் கழுத்து நேராகும் என்பது கணக்கு. ஆனால் வெயிலுக்கு எங்கே போவது? மேகம் வீட்டு வாசல் வரைக்கும் இறங்கி நிற்கிறது, எதிர் வீடு தெரியவில்லை. அம்மா தலையணையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்துவிட்டு, கடைசியில் அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். தலையணை புகை நாற்றம் பிடித்ததுதான் மிச்சம்.

மறுநாளும் கழுத்து அப்படியே இருந்தது. தம்பி படுக்கையிலிருந்து எழும்போது ஒரு விசித்திரம் செய்தான். இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு எழுந்தான். படுக்கும்போதும் அதே மாதிரி, தலையைக் கையில் ஏந்தி மெதுவாகக் கீழே வைத்தான். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கிற பதனம் அதில் இருந்தது. ஏன்டா இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன்.

"தல கழண்டுக்கிட்டு வருதுக்கா" என்றான்.

நான் ஓடிப்போய் இதை அய்யாவிடம் சொன்னேன், பெரிய நகைச்சுவை என்று. "கழண்டா திரும்ப மாட்டிக்கிருவோம்டா, பயப்படாத" என்று அவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். மறுபடி எல்லாரும் சிரித்தோம். தம்பி சிரிக்கவில்லை. சிரித்தால் வலிக்கிறது என்றான்.

இவ்வளவு பெரிய சுளுக்கு வைத்தியர் வீட்டிலேயே இருக்கும்போது எதற்கு யோசனை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். முதல் நாளே காலைக் கழுவிக்கொண்டு தயாராகத்தான் நின்றேன். தம்பி கிட்டே விடவில்லை. "அக்கா காலு வேணாம், அக்கா காலு வேணாம்" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஊரே வந்து காத்துக் கிடக்கிற கால், இந்தப் பொடியனுக்கு வேண்டாமாம். அதோடு மாமாவும் ஊரில் இல்லை. கிழங்கு லாரியோடு வத்தலக்குண்டு போனவர், மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றுபோனதால் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். கண்டக்டர் இல்லாமல் வண்டியை எப்படி எடுப்பது?

மாமா வரும் வழியாக இல்லை. பாதை திறக்கும் வரைக்கும் கிழங்கைக் கொடைக்கானல் சந்தைக்கே அனுப்புவது என்று முடிவாகி, மேலே லாரி வந்து நின்றது. ஆட்கள் மூட்டை சுமக்க ஆரம்பித்துவிட்டார்கள். அய்யாவுக்கு அங்கே போக வேண்டும். பிள்ளை இப்படிக் கோணிக்கொண்டு அழுவதைப் பார்த்துவிட்டுப் போகவும் மனசில்லை.

"இதென்ன பெரிய வித்தையா. நான் திருப்புறேன், நீ மிதி தாயி. வெரசா முடிச்சுட்டுச் சோலியப் பாப்போம்" என்றார்.

எனக்கு மகா சந்தோஷம். உள்ளே ஓடிப்போய் மூட்டையை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். அய்யா தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து சாக்கின் மேல் உட்கார வைத்தார். அவன் ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அய்யாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து, அவன் பிடரிக்குக் கீழே குதிகாலை ஊன்றினேன். ஒல்லி முதுகு. சட்டைக்கு மேலேயே சூடு தெரிந்தது. அய்யா எதிரில் குந்தி உட்கார்ந்து இரண்டு தாடையையும் பிடித்துக்கொண்டார். தம்பி தன் கைகளை எடுத்து அய்யாவின் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டான்.

"ஒண்ணுமில்லடா ராசா. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அம்புட்டுத்தான்" என்றார் அய்யா. மாமா மாதிரியே பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். "கழுத்து நேரானதும் பழனிக்குப் போவமா? பஞ்சாமிர்தம் வாங்கித் தரவா?"

"வேணாம்" என்றான் தம்பி.

மலை மேல் ஏற்றிவிடுகிற வின்ச் வண்டியைச் சொல்லி ஆசை காட்டலாம் என்றால், பழனியில் அப்போது அது வந்திருக்கவில்லை. வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் என்னை நிமிர்ந்து பார்த்து, தயாரா என்கிற மாதிரி தலையசைத்தார். நான் குதிகாலை அழுத்தினேன்.

"நில்லுங்க, நில்லுங்க" என்று அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "சங்கிலி கெடக்கு கழுத்துல. நீங்க பாட்டுக்குத் திருப்பி அத அத்துவிட்றாதீங்க. இருங்க, எடுத்துக்கிறேன்."

சங்கிலியின் கொக்கி இறுகிப் போயிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தாள், வரவில்லை. பெரியவர்கள் போடுகிற நீளச் சங்கிலிதானே என்று தலை வழியாக உருவினாள். கோணியிருந்த பக்கம் காதில் மாட்டிக்கொண்டது. காதை விலக்குவதற்காக, அய்யாவின் கைகளுக்கு நடுவிலேயே, தம்பியின் தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தாள். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். சோறு ஊட்டும்போது பிள்ளையின் தலையைச் சாய்ப்போமே, அந்த அளவுகூட இல்லை.

அழுகை பாதியில் நின்றது. அய்யாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்த இரண்டு கைகளும் கழன்று கீழே விழுந்தன. என் குதிகாலுக்குக் கீழே விறைத்துக்கொண்டிருந்த முதுகு துணி மாதிரி துவண்டது. சாக்கு நனைந்தது. தம்பி மயங்கவில்லை, கண் திறந்துதான் இருந்தது. அய்யாவையே பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு மட்டும் மேல்வாயில் சின்னச் சின்னதாக ஓடியது. அந்தக் கண்ணை நான் பின்னாலிருந்து பார்த்திருக்க முடியாது, ஆனால் பார்த்த மாதிரியே இத்தனை வருஷமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அய்யாவின் முகத்தைப் பார்த்ததில் அது என் மனசில் பதிந்திருக்க வேண்டும். அய்யா முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

நான் மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தேன். காலை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. அம்மா சங்கிலியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அய்யா ஒன்று செய்தார். ஏன் செய்தார் என்று அவருக்கே தெரியாது, பிற்பாடு எத்தனையோ தடவை அப்படித்தான் சொன்னார். தாடையிலிருந்து கையை எடுக்காமல், முன்னால் சாய்ந்த தலையை மெதுவாக, மிக மெதுவாக, முன்பு இருந்த கோணலுக்கே கொண்டுபோய் நிறுத்தினார். நேராக்கவில்லை. கோணலாகவே வைத்துப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தம்பியின் ஒரு விரல் அசைந்தது. அப்புறம் இன்னொன்று.

"அய்யா, கையில எறும்பு ஓடுது" என்றான் தம்பி.

அங்கே எறும்பு எதுவும் இல்லை. "கால்லயும் ஓடுது" என்றான்.

"யாரும் புள்ளையத் தொடாதீங்க" என்றார் அய்யா. அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. "தாயி, மேல ஓடு. லாரிக்காரர நிறுத்து. கட்டில் தூக்க நாலு பேர வரச்சொல்லு."

செருப்பில்லாமல் ஓடினேன். சறுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். லாரி டிரைவர் நான் சொன்னதில் பாதியைக்கூடக் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்ததுமே ஏற்றின மூட்டைகளை ஓரமாகத் தள்ளச் சொல்லிவிட்டார். ஆட்கள் கயிற்றுக் கட்டிலோடு தம்பியைத் தூக்கிக்கொண்டு அந்த வழுக்குப் பாதையில் ஏறி வந்தார்கள். அய்யா தலைமாட்டில் பின்னோக்கி ஏறி வந்தார், இரண்டு கையும் தம்பியின் தாடையில். எப்படி ஏறினாரோ. தூக்கியவர்களில் அன்றைக்கு ஒருவர்கூட வழுக்கவில்லை.

பள்ளங்கியிலிருந்து கொடைக்கானல் அப்படி ஒன்றும் தூரமில்லை. ஆனால் அந்த ரோடு ரோடாகவா இருந்தது? டிரைவர் ஆள் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் நிறுத்தி, "அண்ணே, ஒரு குழி வருது" என்று குரல் கொடுத்துவிட்டு இறக்குவார். அய்யா மூச்சைப் பிடித்துக்கொள்வார். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சங்கிலியை எப்போது சேலையில் முடிந்துகொண்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நான் கால்மாட்டில் இருந்தேன். தம்பியின் பெருவிரலைத் தொட்டு, "தெரியுதாடா?" என்று கேட்பேன். "தெரியுது" என்பான். மறுபடி கேட்பேன். ஒரு தடவை பதில் வர நேரமானபோது எனக்கு உயிரே போய்விட்டது. "கிச்சுக்கிச்சு மூட்டாதக்கா" என்றான் அப்புறம்.

ஆஸ்பத்திரி வாசலில் லாரி நின்றதும் ஒரு டாக்டரம்மா வெளியே வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கட்டிலை இறக்கப் போனவர்களைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரே லாரியில் ஏறினார். தம்பியை ஒரு பார்வை பார்த்தார், அய்யாவின் கைகளை ஒரு பார்வை பார்த்தார்.

"கைய எடுத்துராதீங்க. நான் சொல்லுத வரைக்கும் இப்படியே பிடிங்க" என்றார்.

தீப்பிடித்தால் அணைப்பதற்கு மாட்டி வைத்திருந்த சிவப்பு வாளியிலிருந்து மணலை எடுத்து, துணிப் பைகளில் நிரப்பித் தைக்கச் சொன்னார். இரண்டு பையையும் தம்பியின் தலைக்கு இரண்டு பக்கமும் அண்டக் கொடுத்து, நெற்றியின் மேல் துணி போட்டுக் கட்டிய பிறகுதான், "இப்ப எடுங்க" என்றார். அய்யாவால் எடுக்க முடியவில்லை. விரல்கள் மரத்துப் போயிருந்தன. ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.

உள்ளே கொண்டுபோய், தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு வந்த டாக்டரம்மா அய்யாவிடம் என்ன நடந்தது என்று கேட்டார். அய்யாவுக்கு மறைக்கத் தெரியாது. பொன்னுக்கு வீங்கி, சங்கிலி, தலையணை, கடைசியில் என் கால், தாம் திருப்பப் போனது எல்லாவற்றையும் சொன்னார். "இந்தப் புள்ள கால் வழியாப் பொறந்ததுங்க" என்று என்னைக் காட்டினார். டாக்டரம்மா என் காலைப் பார்த்தார். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். இவ்வளவு படித்தவரே என் காலை இப்படிப் பார்க்கிறாரே என்று எனக்கு அந்தக் கலவரத்திலும் ஒரு துளி பெருமை வந்தது.

"இது பொன்னுக்கு வீங்கியே இல்ல. தொண்டைக்குப் பின்னால சீழ் வச்சிருக்கு" என்றார் அவர். "அந்த விஷம் பின்பக்கம் எறங்கி, கழுத்தெலும்ப இறுக்கிக் கட்டியிருக்க நாரையெல்லாம் நெகிழ விட்டுருச்சு. தலைக்குக் கீழ இருக்க மொத எலும்பு, ரெண்டாவது எலும்பு மேல இருந்து நழுவி நிக்கி. கை, கால், மூச்சு, எல்லாத்துக்கும் நரம்பு அது ஊடதான் போவுது."

"அப்ப, திருப்பியிருந்தா?" என்று கேட்டார் அய்யா.

"திருப்பியிருந்தா நீங்க இங்க வரவேண்டிய சோலியே இருந்திருக்காது" என்றார் டாக்டரம்மா.

அய்யா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

மதுரைக்குக் கொண்டுபோய்ப் படம் எடுக்க வேண்டும், ஆனால் பாதை திறந்தாலும் இத்தனை வளைவு உள்ள மலைச்சாலையில் இந்தத் தலையை நம்பி இறக்க மாட்டேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். தொண்டையைக் கீறிச் சீழை எடுத்தார்கள். பென்சிலின் ஊசி போட்டார்கள். தாடையில் தோல் வாரைக் கட்டி, கட்டிலின் தலைமாட்டில் கப்பி வைத்து எடை தொங்கவிட்டு, தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நேராக்கினார்கள். அதற்கே வாரக்கணக்கில் ஆனது. பிறகு கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் மாவுக் கட்டுப் போட்டு, சிலை மாதிரி நிற்க வைத்தார்கள். பாதை திறந்து வந்து சேர்ந்த மாமா, விஷயத்தைக் கேட்டுவிட்டு அன்று முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமா பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

தம்பி பிழைத்துக்கொண்டான். இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டான். கழுத்து மட்டும் ஒரு பக்கம் முழுசாகத் திரும்பாது. கல்யாண வீடுகளில் அந்தப் பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்பித்தான் பார்ப்பான். அவனுக்கு ரொம்பத் திமிர் என்று சம்பந்தி வீட்டில் ஒரு பேச்சு உண்டு.

என் தொழில் அதோடு படுத்துவிட்டது. தம்பியை வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு, மூட்டை தூக்குகிறவர் ஒருவர் வழக்கம் போல இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சாக்கை விரித்தார். யாரிடமும் அதிர்ந்து பேசாத அய்யா அவரைப் பார்த்துக் கத்தினார். "எம் புள்ள காலக் கேட்டு இனி எவனும் இந்த வாசல மிதிக்கக் கூடாது" என்று கத்தினார். அவர் பாவம், சாக்கைக்கூட எடுக்காமல் போய்விட்டார். எனக்கு அழுகை பொங்கியது. தம்பியின் கழுத்து என்னால் சரியாகவில்லை, அதனால் என் காலின் சக்தி போய்விட்டது என்று அய்யா முடிவு செய்துவிட்டார் என்றே நான் நினைத்தேன். அம்மா மட்டும் சரியாக அந்த நேரத்தில் சங்கிலியைக் கேட்டு வராமல் இருந்திருந்தால் நான் குணப்படுத்திக் காட்டியிருப்பேன் என்று எனக்குள் ஒரு மனத்தாங்கலும் இருந்தது. அந்த நினைப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு ஆடிவிடும்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் சாயங்காலத்தைச் சொல்லாமல் முடித்தால் இது முடியாது. அம்மா தம்பியோடு உள்ளே இருந்தாள். அய்யாவும் நானும் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மேகம் வராந்தாவுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது. அய்யா தோளில் கிடந்த துண்டை எனக்குப் போர்த்திவிட்டிருந்தார். காலையிலிருந்து செருப்பில்லாமல் ஓடியதில் என் காலெல்லாம் சேறு காய்ந்து அப்பிக் கிடந்தது. அவர் திடீரென்று குனிந்து என் இரண்டு கால்களையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். வேட்டி நுனியால் சேற்றைத் துடைத்தார். இடது காலைத் துடைத்து முடித்த பிறகும் விடவில்லை. குதிகாலை இரண்டு கைக்குள்ளும் பொத்தி, நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"குளிருதா தாயி?" என்று கேட்டார்.

"இல்லய்யா" என்றேன்.

அவர் கைகள் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. அவருக்குத்தான் குளிர்கிறது போலிருக்கிறது, என்னிடம் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் போர்த்தியிருந்த துண்டை எடுத்து அவர் மேல் போட்டேன்.